செம்புக் கழுத்து மாப்பிள்ளை

நடுவர் பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். பஞ்சு பழுப்பாக இருந்தது.

வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு பஞ்சை எடுத்தார். சின்னப் புட்டியில் இருந்த ஸ்பிரிட்டில் அதை நனைத்தார். சேவலின் கழுத்து இறகை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தார். இந்தத் தடவை சுற்றி நின்றவர்கள் எல்லோருமே பார்த்துவிட்டார்கள். டீ கொட்டியதைத் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது பஞ்சு. அது போன வழியில், செம்பாய்த் தகதகத்துக்கொண்டிருந்த கழுத்தில், ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளுத்த கோடு விழுந்திருந்தது.

"இது யாரோட சேவல்?"

"என்னோடதுதான் டாக்டர்" என்றாள் அவள்.

நடுவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். அதிர்ந்து பேசிப் பழக்கமில்லாதவர். "சாயம் பூசியிருக்கீங்களேம்மா" என்றார், ஏதோ சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருப்பதைச் சொல்லுகிற மாதிரி.

கோழிக் கண்காட்சி நடந்த அந்தப் பெரிய கூடத்தில் அத்தனை கூண்டுகளிலும் சேவல்கள் கூவிக்கொண்டுதான் இருந்தன. அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். செயற்கைப் பல் செய்கிற ஒரு லேபில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்க்கு ஏற்றபடி பீங்கானில் பல் செய்து, பக்கத்துப் பல்லோடு நிறம் பொருந்தும்படி சாயம் கொடுத்துச் சுட வேண்டும். அந்தப் பொருத்தம் பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை. பல் என்றால் வெள்ளை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவளைக் கேட்டால் மஞ்சள் ஓடின வெள்ளை, சாம்பல் ஓடின வெள்ளை, காப்பி குடிக்கிறவன் வெள்ளை, காப்பியை விட்டவன் வெள்ளை என்று சொல்லிக்கொண்டே போவாள். உறவுக்காரர்கள் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கப் போனால்கூட அவளைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். "இவ கண்ணு ஏமாறாது" என்பார்கள். அதைக் கேட்கும்போது அவள் அடக்கமாகச் சிரிப்பாளே தவிர, மறுத்ததில்லை.

அந்தக் கண்தான் அவளைக் கோழியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடிதம் கொடுக்க வரும் தபால்காரர் கோழிப் பைத்தியம். ஒருநாள் அவர் தோல்பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காட்டினார். சாக்லேட் நிறத்தில் ஒரு முட்டை. யாரோ வார்னிஷ் அடித்துக் காயவைத்த மாதிரி இருந்தது. "மாரான்ஸ்னு ஒரு ஜாதிக் கோழி தங்கச்சி. வெளிநாட்டுக்காரி. இப்படித்தான் முட்டை போடுவா" என்றார். அன்றைக்கு விழுந்தவள்தான். அவர் கொடுத்த முட்டைகளைப் பொரிக்க வைத்துத் தொடங்கினாள். சில வருஷத்தில் வீட்டுக் கொல்லை முழுக்கக் கூண்டாகிவிட்டது. கோழி வளர்ப்போர் சங்கத்தில் அவளுக்கு "பல் மேடம்" என்று பெயரும் வந்துவிட்டது.

மாரான்ஸில் பல நிறம் உண்டு. அவள் வளர்த்தது ஒரே நிறம்: உடம்பெல்லாம் பச்சை மினுங்கும் கறுப்பு, கழுத்து, தோள், முதுகின் கடைப்பகுதி மட்டும் செம்பு. செம்பு என்றால் எந்தச் செம்பு என்பதில்தான் உயிரே இருக்கிறது. வைக்கோல் மாதிரி மஞ்சளடித்தாலும் குறை, ரத்தச் சிவப்பாக இருண்டாலும் குறை. மார்பில் ஓரிரண்டு செம்புப் பொட்டு இருந்தால் மன்னிப்பு. அப்பிக்கொண்டிருந்தால் மதிப்பெண் போச்சு. கண் ஆரஞ்சாக எரிய வேண்டும். காலில் இறகு வேண்டும். ஆனால் செருப்பு போட்ட மாதிரி அடர்ந்துவிடக் கூடாது. காது மடலில் வெள்ளை தட்டினால் கூண்டோடு வீட்டுக்குப் போகலாம். இத்தனையும் கூடி வந்த ஒரு சேவல் அவளிடம் பிறந்தது. அதன் நடையைப் பார்த்துவிட்டு அவளே "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் அம்மா போனில் "மாப்பிள்ளை எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்பாள். இவள் "நேத்துலேர்ந்து ஒரு இறகு உதிர்ந்திருக்கும்மா" என்பாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

நிஜ மாப்பிள்ளை, அதாவது அவள் வீட்டுக்காரர், ஃபிரிட்ஜ் மெக்கானிக். கோழிகளைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. தீவனம் போடச் சொன்னால் போடுவார், கூண்டைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்.

லேபில் புது இயந்திரம் வாங்கினார்கள். அதைக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் அவளை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். கண்காட்சிக்கு முந்தின நாள் மாலைதான் திரும்பினாள். பெட்டியைக் கூடத்தில் போட்டுவிட்டு நேரே கொல்லைக்கு ஓடினாள்.

"குளிப்பாட்டி, துடைச்சு, சீவி எல்லாம் வச்சிட்டேன். நீ இனிமே தண்ணி கிண்ணி ஊத்திடாதே, சளி பிடிச்சுக்கும்" என்றார் வீட்டுக்காரர், பின்னாலேயே வந்து.

அவளுக்கு ஆச்சரியம். இவரா இதெல்லாம் செய்தார் என்று மனசு குளிர்ந்துபோயிற்று. சேவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விளக்கைத் தாழ்த்தி, கழுத்து இறகை விரித்து விரித்துப் பார்த்தாள். அது அவள் கையில் நறுக்கென்று ஒரு கொத்து கொத்தியது. "மூணு வாரத்துல மறந்துட்டியாடா ராஜா?" என்று கொஞ்சினாள். பிறகு நிமிர்ந்து, "பார்த்தீங்களா, நான் இல்லாதப்ப நிறம் இன்னும் நல்லா ஏறியிருக்கு" என்றாள்.

வீட்டுக்காரர், "ஆமாமா" என்றபடி உள்ளே போய்விட்டார்.

இப்போது கண்காட்சிக் கூடத்தில், எல்லோர் கண்ணும் அவள் மேல். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அவள் நெஞ்சில் குப்பென்று ஒரு தீ ஏறியது.

"டாக்டர், நான் சாயத்தைத் தொட்டதுகூட இல்ல. நேத்து சாயங்காலம்தான் ஊர்லேர்ந்து வந்தேன். யாரோ இங்க வச்சு வேலையைக் காட்டியிருக்காங்க!"

"இங்கேயா? அது எப்படிம்மா..."

"எங்கிட்ட மட்டும் வந்து ஏன் பஞ்சு வச்சீங்க? இத்தனை கூண்டு இருக்கே. யாரோ உங்க காதுல போட்டிருக்காங்க, இல்லையா?"

நடுவர் பதில் சொல்லுவதற்குள் அவள் திரும்பிவிட்டாள். பக்கத்து வரிசையில் தபால்காரர் நின்றிருந்தார். அன்று காலை அவள் டோக்கன் வாங்கப் போய்த் திரும்பியபோது, அவர் அவளுடைய கூண்டுக்கு முன்னால் குனிந்து நின்று சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசாமல் விலகிப் போனார். அந்த நடத்தைக்கு இப்போது அவளுக்கு அர்த்தம் புரிந்தது போல் இருந்தது.

"நீங்கதானே அண்ணே?" என்றாள்.

தபால்காரர் பேயறைந்தது போல அவளைப் பார்த்தார்.

"காலைல என் கூண்டுகிட்ட உங்களுக்கு என்ன வேலை? போன வருஷம் உங்க சேவல் ரெண்டாவதா வந்தப்பவே உங்க முகம் சரியில்ல. குடுத்த கையாலேயே கெடுக்கத் தோணுதா? இத்தனை வருஷமா அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டதுக்கு இதுதானா?"

கூடத்தில் யாரோ "மேடம், பார்த்துப் பேசுங்க" என்றார்கள். தபால்காரரின் வாய் திறந்தது. அவர் கண் அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால், காலிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் வீட்டுக்காரர் மேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவர் வாயை மூடிக்கொண்டார். தன் கூண்டுகளைக்கூட எடுக்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஓடுகிறாரே, குற்றமுள்ள நெஞ்சுதானே என்று அவள் நினைத்தாள்.

வீடு வந்து சேரும்வரை வண்டியில் அவள் ஒருத்திதான் பேசினாள். வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையை விழுங்கிவிடுவது போலப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தனக்காகத்தான் இப்படி உடைந்துபோயிருக்கிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் பெரிய தொட்டியை இழுத்துப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். "அந்த ஆள் பூசின கண்றாவியை முதல்ல கழுவணும்" என்றாள். சேவலை இறக்கி, சோப்பு நுரையைக் கழுத்தில் தேய்த்தாள்.

"ஏம்மா, இப்ப வேண்டாமே..." என்றார் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று.

தண்ணீர் பழுப்பானது. அவள் அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினாள். அதுவும் பழுப்பாயிற்று. மேலே பூசிய சாயம் போனால் உள்ளே தன் சேவலின் செம்பு இருக்கும் என்றுதான் அவள் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, செம்பு வரவில்லை. வெள்ளி வந்தது. கழுத்தில் ஒவ்வொரு இறகும் நடுவில் கறுப்புக் கோடும் இரு ஓரமும் வெள்ளியுமாக, நிலா வெளிச்சம் பட்ட மாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது. தோளிலும் வெள்ளி. முதுகின் கடைசியிலும் வெள்ளி.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த நிறம் அவளுக்குத் தெரியும். இதுவும் மாரான்ஸ்தான். உடம்பு, கொண்டை, கண், கால் எல்லாம் செம்புக் கழுத்தைப் போலவேதான் இருக்கும். செம்பு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெள்ளி இருக்கும், அவ்வளவுதான். பிர்ச்சன் என்பார்கள். அவள் வீட்டில் ஒரு பிர்ச்சன்கூடக் கிடையாது. அவளுக்குத் தெரிந்து அதை வளர்க்கிறவர் ஒரே ஆள்தான்.

"இது..." என்றாள். நனைந்து நடுங்குகிற அந்தப் பறவையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அது வேறு யாரோ. முற்றிலும் வேறு யாரோ. முந்தின நாள் மாலையிலிருந்து இதைத்தான் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என் சேவல் எங்க?"

வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போயிடுச்சும்மா."

"போயிடுச்சுன்னா?"

"நீ போன ரெண்டாவது வாரம். வீடியோல காட்டுங்கன்னு கேட்டியே, அன்னைக்குக் கூண்டைத் திறந்து காட்டினேன் இல்ல? பேசி முடிக்கிறதுக்குள்ள ஒரு ஓட்டல்லேர்ந்து கூப்பிட்டாங்க, ஐஸ் பெட்டி நின்னு போச்சு, கறியெல்லாம் கெடுது, உடனே வான்னு. நான் தாழ்ப்பாளைப் போடாமப் போயிட்டேன். வந்து பார்த்தா தெருநாய்..." அவர் கையை விரித்தார். "மத்ததெல்லாம் மேல ஏறித் தப்பிச்சுடுச்சு. அது மட்டும் கீழே நின்னு சண்டை போட்டிருக்கு."

அவளுக்கு அந்தப் படம் கண்ணில் வந்தது. சின்னத் திரையில் மாப்பிள்ளை தலையைச் சாய்த்து அவளையே பார்த்தது. அதற்கப்புறம் எப்போது வீடியோ கேட்டாலும் நெட் சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் போன் எடுப்பேன். நீ எடுத்த உடனே மாப்பிள்ளை சாப்பிட்டானா, மாப்பிள்ளை கூவினானான்னு கேப்ப. தினமும் அதுதான் முதல் கேள்வி. எனக்கு வாய் வரல. அக்காகிட்டப் போய் அழுதேன்."

அக்கா என்றால் அவளுடைய நாத்தனார். அழகு நிலையம் வைத்திருப்பவள். எந்த நரைக்கும் சாயத்தில் பதில் வைத்திருப்பவள்.

"அக்காதான் சொன்னா, கண்காட்சி முடியட்டும், அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு. நான் தபால்காரர்கிட்டப் போய், உனக்குப் பரிசாக் குடுக்கணும், நல்ல சேவலா ஒண்ணு வேணும்னு கேட்டேன். அவர்கிட்ட செம்புல எதுவும் தேறல. வெள்ளிதான் இருக்கு, ஆனா இது மாதிரி உடம்பு கிடைக்காது, தங்கச்சி சந்தோஷப்படும்னு குடுத்தார். பணம்கூட வாங்கிக்கல. அக்கா தன் கடைலேர்ந்து சாயம் கொண்டு வந்தா. பறவைக்குத் தோல் எரியக் கூடாதுன்னு காட்டமில்லாத சாயமாப் பார்த்து... ஒவ்வொரு இறகாப் பூசினா."

"அவருக்குத் தெரியுமா, இப்படிச் சாயம் பூசினது?"

"எப்படித் தெரியும்? இன்னைக்குக் காலைல கூண்டுல பார்த்தப்பதான் தெரிஞ்சிருக்கும். தன் சேவலைத் தனக்குத் தெரியாமலா போகும்?"

அந்தக் கடைசிச் சொல் அவரையும் அறியாமல்தான் விழுந்தது. அவள் கன்னத்தில் அறைந்தது போல அது வந்து பட்டது. தபால்காரர் ஒரே பார்வையில், சாயத்துக்கு உள்ளே புகுந்து, தன் பறவையைக் கண்டுகொண்டார். இவளோ விளக்கை இறக்கி வைத்துக்கொண்டு இறகு இறகாகப் பார்த்தாள். நிறம் நன்றாக ஏறியிருக்கிறது என்று வேறு சொன்னாள்.

சேவலை ஒரு துண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு எழுந்தாள். கணவரைத் திட்டவோ கத்தவோ அவளிடம் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. "அவர் வாயைத் திறந்தாரே, கூடத்துல. உங்களைப் பார்த்துட்டு மூடிக்கிட்டாரே" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அது அவளுக்கே முழுதாக விளங்கிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சேவலைக் கூடையில் எடுத்துக்கொண்டு தபால்காரர் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டாள்.

தபால்காரர் முற்றத்தில் தண்ணீர்க் குவளைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"அண்ணே, எனக்கு எதுவும் தெரியாது அண்ணே. நேத்துதான்..."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சிருந்தா எம்மேல அப்படிப் பாய்ஞ்சிருக்க மாட்ட."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே. இது என் சேவல், இவங்க வீட்டுக்காரர்தான் வாங்கிட்டுப் போனார்னு ஒரு வார்த்தை."

அவர் குவளையைக் கவிழ்த்து வைத்தார். "சொல்லத்தான் வந்தேன். உன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுஷன் கண்ணாலேயே கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவு பேர் நடுவுல, பொண்டாட்டி முன்னாடி, ஒரு ஆளை எப்படிம்மா உரிச்சு நிறுத்தறது? போகட்டும்னு வந்துட்டேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இவர் மன்னித்துவிட்டார் என்று நினைத்துத்தான் அழுதாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் தபால்காரர். குரல் மாறியிருந்தது. "உங்க குடும்பத்துக்காக வாயை மூடினேன். அதுக்காக எனக்கு வலிக்கலன்னு நினைக்காதே. ராத்திரி எனக்குத் தூக்கமில்ல. தெரு முழுக்க என்னை நம்பித்தான் கதவைத் திறக்குது. நான் வஞ்சகம் பண்ணுவேன்னு உனக்கு எப்படித் தோணுச்சு? அதுவும் யோசிக்கக்கூட இல்ல நீ. திரும்பின, கேட்ட. அவ்வளவுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட வந்து அழுது பிரயோஜனமில்ல. எங்க சொன்னியோ அங்க சொல்லு. சங்கம் கூடுறப்போ சொல்லு." அவர் எழுந்து வந்து கூடையைத் திறந்தார். பாதி வெள்ளியும் பாதி திட்டுத்திட்டான பழுப்புமாக இருந்த கழுத்தைத் தடவினார். அது அவர் கையைக் கொத்தவில்லை. அக்குளில் போய் முகத்தைச் செருகிக்கொண்டது. "இது இங்கேயே இருக்கட்டும். உங்க வீட்டுக்கு வேண்டாம்" என்றார்.

காலிக் கூடையோடு திரும்பி வந்தாள்.

வழியில் நாத்தனார் போன் செய்தாள். "என்னடி, சாயம் போச்சாமே? பச்சைத் தண்ணில போகாது, நான் பரிசோதிச்சுத்தான் பூசினேன். அந்த ஆள் ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சா நான் என்ன பண்றது? ஸ்பிரிட்டு போட்டா எந்தச் சாயம்தான் நிக்கும்?" என்றாள். அவளுக்கு வருத்தமெல்லாம் தன் தொழில் பெயர் கெட்டதில்தான். இவள் போனை அணைத்துவிட்டாள்.

சங்கம் அடுத்த வாரம் கூடியது. பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஒரு சாதாரண அறை. தபால்காரர் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இரண்டு நாற்காலி காலியாக விட்டு மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு நிமிஷம் கத்தியதற்கு, ஒரு வாரமாக அவர் அந்தக் காலி நாற்காலிகளைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

தலைவர் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்திருப்பதற்குள் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால்கூட ஸ்குரூ டிரைவரோடு மொட்டை மாடிக்குப் போய்விடுகிற மனுஷர். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான்தாங்க பண்ணினேன்" என்றார். சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டார். தாழ்ப்பாள் போடாமல் போனதிலிருந்து சாயம்வரை எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அக்காவை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். "தபால்காரருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவர் நல்ல மனசோட குடுத்தார். நான் அதைக் கெடுத்தேன். அன்னைக்கு அவர் என்னைக் காட்டிக்குடுத்திருக்கலாம். குடுக்கல" என்று முடித்துவிட்டு, உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். "ஏன் மேடம், சேவல் மாறினதுகூடவா தெரியல?"

அவள் எழுந்தாள். "தெரியல" என்றாள். "மடியில வச்சுப் பார்த்தும் தெரியல. நிறத்தைத்தான் பார்த்தேன். அண்ணே மேல நான் சொன்னது அத்தனையும் பொய். இதே ஆளுங்க முன்னாடி சொன்னேன், இதே ஆளுங்க முன்னாடி மன்னிப்புக் கேட்டுக்கறேன்." குரல் உடையவில்லை. உடையாமல் பார்த்துக்கொண்டாள்.

நடுவரும் வந்திருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யாரோ என் காதுல போட்டதா மேடம் சொன்னாங்க. யாரும் போடல" என்றார். "முதல் பரிசுக்கு நான் முடிவு பண்ற பறவையை மட்டும்தான் பஞ்சு வச்சுப் பார்ப்பேன். அன்னைக்கு அந்த வகுப்புல நான் முடிவு பண்ணினது அதைத்தான். உடம்பமைப்பு, முதுகு, கால், கண்... அப்படி ஒண்ணு நான் பார்த்து ரொம்ப வருஷமாச்சு."

எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பறவையை வளர்த்தவருக்கே இது புதுச் செய்தி. தபால்காரர் கட்டிய கையை அவிழ்க்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக் கழுத்தோடயே வந்திருந்தாலுமா டாக்டர்?" என்றார் கடைசியில், நம்பாத குரலில்.

"வெள்ளி வகுப்புல யாரு அதுகிட்ட நிக்க முடியும்?"

தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் காலி நாற்காலியில் ஒருவர் நகர்ந்து வந்து உட்கார்ந்து, அவர் முதுகைத் தட்டினார்.

அவளுக்கு இரண்டு வருஷம் கண்காட்சியில் கலந்துகொள்ளத் தடை விதித்தார்கள். சேவல் அவள் பெயரில் வந்தது, பொறுப்பும் அவளுடையதுதான். அவள் மறுக்கவில்லை. தபால்காரர் அன்று அவளோடு ஒன்றும் பேசாமல்தான் போனார். அடுத்த வாரம் கடிதம் கொண்டுவந்தபோது வாசலில் நின்று, "தாழ்ப்பாளை மாத்துங்க. தள்ளினா தானே விழுற மாதிரி ஒண்ணு இருக்கு" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் பழைய நிலைக்கு வர இன்னும் நாளாகும் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் அவளும் கணவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் சாயங்காலம் அவள் கொல்லையில் கோழிகளுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"அது மழை வந்தா வலது காலைத் தூக்கிக்கிட்டு நிக்கும், தெரியுமா?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எது?"

"மாப்பிள்ளைதான். வெயில் அடிச்சா இறக்கிடும். நீ ஊர்ல இல்லாதப்ப பார்த்தேன். அப்புறம், தட்டுல போட்டா சாப்பிடாது. ஒவ்வொரு மணியா வெளியே எடுத்துப் போட்டு, பொட்டைங்களைக் கூப்பிட்டுக் காட்டும். அதுங்க தின்னப்புறம்தான் தான் தின்னும். முதல் வாரம் பூரா எனக்கு அதுதான் பேச்சுத்துணை."

அவளுக்குத் திக்கென்றது. மாப்பிள்ளையின் மார்பில் எத்தனை செம்புப் பொட்டு, எந்த இறகின் ஓரத்தில் எந்த மினுக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அது எப்படிச் சாப்பிடும் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. கோழி வளர்க்கத் தெரியாத இந்த மனுஷர் அதைப் பார்த்திருக்கிறார். அதை அவரே குழி தோண்டிப் புதைத்துமிருக்கிறார்.

தீவனக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"வேற என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.